முந்நூறு கிராம் குறைந்த மச்சானுக்கு

என் மச்சான் ஜமாலுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்கக் கை போகிறது. நீ சவுதி மண்ணுக்குள் போய் இரண்டு வருஷம் ஆகிறது, உன்னிடம் போய் நலம் விசாரிப்பதா என்று எனக்கே சிரிப்பு வருகிறது. ஆகவே என் சேதியைச் சொல்கிறேன். உன் மாப்ள பெரியசாமி ரிட்டையர் ஆகிவிட்டான். ஆபீஸ் வேலையிலிருந்து இல்லை, அதற்கு இன்னும் இருபது வருஷம் கிடக்கிறது. ரிங்கிலிருந்து. நாற்பது முடிந்தவனைக் கயிற்றுக்குள் விடக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. எனக்கு ஆவணி மாதம் நாற்பது முடிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டையில் எனக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். என் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தார் கூடி, திருச்சுழி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்து, பஸ் ஸ்டாண்டு வாசலில் பிளக்ஸும் வைத்துவிட்டார்கள். 'தோல்வியே காணாத தென்னாட்டுச் சிங்கம்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே கிளவுஸ் மாட்டிக்கொண்டு நான். என் வயிற்றைக் கம்ப்யூட்டரில் பாதியாகக் குறைத்திருந்தான் போட்டோக் கடைக்காரன். எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய என் சித்தப்பாவுக்கு அது யாரென்றே தெரியவில்லை. நான் சொன்ன பிறகும் சந்தேகமாகவே பார்த்தார்.

விழாவுக்கு ஒரு மாதம் முன்னால், விழா மலர் போடுகிறோம், உங்கள் சாதனைகளை வரிசையாக எழுதி அனுப்புங்கள் என்று சங்கச் செயலாளர் போன் செய்தார். உட்கார்ந்தேன் மச்சான். ஒரு பக்கம் எழுதுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. நான் வாங்கிய பதக்கங்களில் பாதிக்கு மேல் யாரையும் தொடாமல் வாங்கியவை. உனக்குத் தெரியாததா? நம் பக்கத்து ஆள்கள் வெயிலில் வற்றிக் கிடப்பார்கள், நாற்பத்தெட்டு கிலோவிலும் ஐம்பத்தொன்றிலும் வரிசை கட்டி நிற்பார்கள். ஹெவிவெயிட்டுக்கு ஆள் கிடைக்காது. மைக்கில் பெயரைக் கூப்பிடுவார்கள், எதிர் மூலைக்கு எவனும் வரமாட்டான், நடுவர் என் கையைத் தூக்குவார். வாக் ஓவர். அப்படியே மாவட்டம், அப்படியே மண்டலம். தலைக்கவசத்தை மாட்டிக் கழற்றியதற்கே எனக்குப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆள் வந்த இடங்களில் என்ன ஆனது என்றும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அரசுத் துறைகளுக்கிடையிலான போட்டிகளில் வெண்கலம் சில, வெள்ளி ஒன்று. வடக்கே தேசியப் போட்டிக்கு இரண்டு தடவை போனேன். இரண்டாவது தடவை அரியானாக்காரன் ஒருவன் முதல் ரவுண்டிலேயே என்னைப் படுக்கவைத்தான். கண் விழித்தபோது நடுவர் எண்ணிக்கொண்டிருந்தார். இந்தியில் எண்ணுகிறார் போல, அதனால்தான் புரியவில்லை என்று நினைத்தேன். பிறகு கேட்டால் இங்கிலீஷில்தான் எண்ணினாராம். இதுதான் தென்னாட்டுச் சிங்கத்தின் வரலாறு. கெட்ட ஆட்டக்காரன் இல்லை நான். இடம் காலியாக இருந்ததால் இருபது வருஷம் நின்றவன்.

தோல்வியே காணாத என்பதை எடுத்துவிடுங்கள், ஜமாலிடமே மூன்று தடவை தோற்றிருக்கிறேன் என்று செயலாளரிடம் சொன்னேன். அதெல்லாம் பிராக்டீஸ்தானே சார் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிராக்டீஸா? மூன்றும் கல்லூரிகளுக்கிடையில் நடந்தவை. நீ ஒரு கல்லூரி, நான் ஒரு கல்லூரி. காலையில் ஒரே பஞ்சாலைக் கொட்டகையில், கழிவுப் பஞ்சு அடைத்த ஒரே சாக்கு மூட்டையை நீ இந்தப் பக்கமும் நான் அந்தப் பக்கமும் குத்திப் பழகிவிட்டு, போட்டி என்று வந்தால் எதிரெதிர் மூலையில் நிற்போம். நான்கு தடவை மோதினோம். மூன்று உனக்கு. நான் ஜெயித்த ஒன்றில் உனக்குக் காய்ச்சல்.

உன் இடது கையைப் பற்றி யாரிடம் பேசுவேன்? வருவது தெரியாது. வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்துவாய், நான் அதைப் பார்ப்பேன், அதற்குள் விலாவில் விழுந்திருக்கும். மூச்சு நின்று, கண்ணில் தண்ணீர் முட்டி, குனிந்து நிற்பேன். "ஏலே மாப்ள, ரொம்பப் பட்டுருச்சா?" என்று கிளவுஸுக்குள்ளேயே கேட்பாய். நடுவர் உன்னைத்தான் திட்டுவார், பேசக்கூடாது என்று.

நீ விமானம் ஏறிய பிறகு எனக்குச் சரிக்குச் சரியாய் எவனும் வாய்க்கவில்லை. துறை முகாமில் என் எடைக்கு இன்னொருவன் இல்லாததால், எடை குறைந்த இரண்டு பேரை மாற்றி மாற்றி என்னோடு இறக்குவார்கள். நான் பார்த்துப் பார்த்துத் தொடவேண்டும். அவர்கள் என்னைக் குத்தினால் எனக்கு உறைக்காது. அடிக்கவும் ஆளில்லாமல், அடி வாங்கவும் ஆளில்லாமல் ஒருவன் இத்தனை வருஷம் குத்துச்சண்டைக்காரனாக இருந்தான் என்றால் யார் நம்புவார்கள்? வீட்டில் அவளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், குறையொன்றும் சொல்லமாட்டேன். ஆனாலும் விலாவில் வலியில்லாமல் எழுந்திருக்கிற காலைகளில் எதையோ தொலைத்துவிட்டது போல இருக்கும். இதை அவளிடம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவாள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நீ மறந்திருக்கமாட்டாய், ஆனால் நீ அறியாத ஒன்று அதில் இருக்கிறது.

மதுரையில் ஆள் எடுப்பு. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை, ஹெவிவெயிட்டுக்கு ஒரே ஓர் இடம். எண்பத்தோரு கிலோவுக்குக் குறைந்தால் கயிற்றுக்குள் போக முடியாது. மற்றவர்கள் எடை குறைக்கப் பட்டினி கிடந்து, பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடுவார்கள். நாம் இருவரும் ஒரு ஓரமாக உட்கார்ந்து வாழைப்பழமும் தண்ணீருமாக உள்ளே தள்ளுவோம். நம்மைப் பார்த்து அவர்களுக்கு வயிறெரியும். எனக்காவது எண்பத்து மூன்று இருந்தது. உனக்கு எப்போதும் இழுபறி. எடை மிஷினில் ஏறுவதற்கு முன்னால் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தால்தான் முள் உனக்குச் சாதகமாக நிற்கும்.

அது நோன்பு மாதம். உங்கள் ஊர் வீரசோழனில் விடியுமுன் சஹருக்கு எழுந்து வயிறு முட்டச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, முதல் பஸ்ஸில் வந்திருந்தாய். ஏழு மணிக்கு எடை பார்த்திருந்தால் தப்பித்திருப்பாய். எடை பார்க்கிற அதிகாரி வந்ததே பதினொரு மணிக்கு. நீ ஏறினாய். எண்பது கிலோ எழுநூறு கிராம்.

அந்த அதிகாரி நல்ல மனுஷன். ஒரு மணி நேரம் தருகிறேன், தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து திரும்ப ஏறு என்றார். மைதானத்தின் ஓரத்தில் குழாய் இருந்தது. போட்டிக்கு வந்திருந்த மூன்றாவது ஆள் முதலிலேயே கழன்றுகொண்டான். நீயும் நானும் மட்டும்தான். கூட வந்தவர்கள் எல்லாரும் உன்னைச் சுற்றிக்கொண்டு, பயணத்தில் இருப்பவர்கள் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு பிடிக்கலாமாமே, உங்கள் மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறதாமே என்றார்கள். நீ யோசித்தாய். "மதுரைக்கு வாரதெல்லாம் பயணமா? ரெண்டு மணி நேரம் பஸ்ஸு. எங்க வீட்ல கேட்டா சிரிப்பாக" என்றாய். ஆனால் உன் கண் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன்.

பிறகு என் பக்கம் திரும்பினாய். "நீ சொல்லு மாப்ள. குடிச்சிறவா?"

நான் சொன்னேன். "நோன்ப விட்றாத மச்சான்."

நீ தலையாட்டினாய். குழாய்ப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் காலை நீட்டிக்கொண்டு இருந்தாய். மறுபடி ஏறியபோது இன்னும் ஐம்பது கிராம் குறைந்திருந்தது. அதிகாரி உன் பெயரை அடித்தார். நடுவருக்கு முன்னால் நீயே வந்து என் கையைத் தூக்கினாய். சாயங்காலம் திரும்புகிற பஸ் காரியாபட்டி தாண்டும்போது நோன்பு திறக்கிற நேரம் வந்தது. பாட்டிலைத் திறந்து நீ குடித்த மடக் மடக் சத்தம் கேட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏன் திரும்பினேன் என்று இப்போது சொல்கிறேன், கேள். நான் உன் நோன்புக்காகச் சொல்லவில்லை மச்சான். உன் இடது கைக்குப் பயந்து சொன்னேன். நீ இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்திருந்தால் அன்று மத்தியானம் மூன்றாவது ரவுண்டுக்குள் நான் கீழே கிடந்திருப்பேன், அந்த வேலை உன்னுடையது. அந்த வாக்கியம் வாயிலிருந்து வருவதற்கு முன்னாலேயே எனக்கு அது தெரியும். அதைப் பாசம் போலச் சொன்னேன், அவ்வளவுதான்.

நீ அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வேற்று மதத்துக்காரனாக இருந்தும், வேலையே கைவிட்டுப் போகிற நேரத்திலும் என் மாப்ளதான் என் நோன்பைக் காப்பாற்றினான் என்று வீரசோழன் முழுக்கச் சொல்லிவிட்டாய். யாருடைய வேலை கைவிட்டுப் போனது? உன்னுடையது! அதை யாரும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு உங்கள் ஊருக்கு நான் எப்போது வந்தாலும் ராஜ உபசாரம். நோன்புக் கஞ்சி தூக்குச் சட்டியில் வரும். பெருநாளைக்குப் பிரியாணி வரும். நீ சவுதியில் கிட்டங்கியில் லோடு ஏற்றி இறக்கி, பிறகு லாரி ஓட்டினாய். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்வாய். ஒவ்வொரு ரமலானிலும் முதல் நோன்பன்று, "மாப்ள, ஒன் நெனப்புத்தான் வந்துச்சு" என்பாய். நான் சரி மச்சான் என்று பேச்சை மாற்றிவிடுவேன். சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்றே இத்தனை வருஷம் போனது. லீவில் நீ வரும்போது நேரில் சொல்வோம் என்று இருந்தேன். நீ வரவில்லை. லாரி ஸ்டீரிங்கிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய் என்று உன் ஹனீபா அண்ணன் வாட்ஸப்பில் பேசி அனுப்பியதுதான் வந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். உன்னைப் பார்க்கப் போவதென்றால் எனக்கு பாஸ்போர்ட்டு வேண்டும்.

விழாவுக்கு ஹனீபா அண்ணன் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். அவருக்கு மேடையில் ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். மற்றவர்கள் என் பதக்கங்களைப் பேசினார்கள், அவர் அந்தக் கதையைச் சொன்னார். பெரியசாமி வாங்கிய பதக்கமெல்லாம் ஒரு பக்கம், அந்த ஒரு வார்த்தை ஒரு பக்கம் என்று முடித்தார். கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். நாளைக்கு என்னைப் பற்றி ஏதாவது மிஞ்சினால் இதுதான் மிஞ்சும் என்று எனக்கு அப்போது உறைத்தது. பொய்யான பிளக்ஸைப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

ஏற்புரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டேன். "அண்ணன் சொன்னது நடந்ததுதான். ஆனா நான் பயந்துக்கிட்டுத்தான் அப்படிச் சொன்னேன். ஜமால் தண்ணி குடிச்சிருந்தா இந்த மாலை அவன் கழுத்துல விழுந்திருக்கும்."

உடனே தொகுப்பாளர் மைக்கை வாங்கி, "இதுதாங்க தன்னடக்கம். கை தட்டுங்க" என்றார். தட்டினார்கள் மச்சான், அன்றைக்கு அதற்குத்தான் பெரிய கைதட்டல். நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று மறுபடி சொன்னேன், இன்னும் தட்டினார்கள். செயலாளர் ஓடிவந்து இன்னொரு மாலை போட்டார். அத்தனை பேர் நடுவில் நான் நின்ற மாதிரித் தனியாக அந்த அரியானாக்காரன் முன்னால்கூட நின்றதில்லை. குத்தினால் தடுக்கலாம். கை தட்டினால் என்ன செய்வது?

மறுநாள் காலை பஸ் ஏறி வீரசோழனுக்குப் போனேன். ஹனீபா அண்ணன் கடையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப் போனார். உன் நசீமா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவு நிலைக்கு அந்தப் பக்கம் நின்றது. உன் பெரியவள் பன்னிரண்டாவது படிக்கிறாளாம், பள்ளிக்கூடம் போயிருந்தாள். சின்னவளும்தான். நான் டீயைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், நீ கேட்டது, நான் சொன்னது, சொல்லும்போது என் மனசில் ஓடியது எல்லாம். மேடையில் சொன்னதை யாரும் நம்பவில்லை, நீங்கள் இரண்டு பேராவது நம்பவேண்டும், வேலையைப் பறித்துக்கொண்டவன் நான், திட்டுவதென்றால் திட்டுங்கள் என்றேன். ஹனீபா அண்ணன் தரையைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கு நம்பவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

நசீமாதான் பேசியது. அந்தக் கதையைக் கேட்டுத்தான் அதனுடைய அத்தா உனக்குப் பெண் கொடுத்தாராம், வேலை இல்லாத பையன் என்று எல்லாரும் தடுத்தபோது, ஒரு வாய்த் தண்ணிக்கு வேலையை விட்டவன் என் மகளைக் கைவிடமாட்டான் என்றாராம். இது எனக்குத் தெரியாது. நீ சொன்னதில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அது கையைக் காட்டி நிறுத்தியது.

"அண்ணே, நீங்க பயந்து சொன்னீகளோ பாசத்துல சொன்னீகளோ, அது ஒங்களுக்கும் ஆண்டவனுக்கும். தண்ணியக் குடிக்காம ஒக்காந்திருந்தது அவுகதான?"

நான் தலையாட்டினேன்.

"வேலைய நீங்க எடுத்துக்கிட்டீக. அந்த நோன்பையாச்சும் அவுகளுக்கு விட்டுருங்கண்ணே."

குரலை உயர்த்தவே இல்லை. சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு போய் வேறு டீ கொண்டுவந்து வைத்தது. அதைக் குடித்தேன். என்ன ருசி என்று கேட்டால் தெரியாது. உன் இடது கை கூட எனக்கு இப்படி மூச்சை நிறுத்தியதில்லை மச்சான்.

பஸ்ஸில் நரிக்குடி வரைக்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. மன்னிப்புக் கேட்கப் போனவனிடம் இப்படியா பேசுவது என்று. அதற்குப் பிறகுதான் புரிந்தது. உங்கள் ஊர்க் கதையில் நான் காப்பாற்றியவன். என் மனசில் ஓடுகிற கதையில் நான் கெடுத்தவன். இரண்டிலும் நான்தான் நடுவில் நிற்கிறேன், பிளக்ஸில் நிற்கிற மாதிரி. தாகத்தோடு குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் ஓரத்துக்குப் போய்விட்டான். நீ என்னிடம் கேட்பதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டாயா? சும்மா, கூட ஒரு குரல் வேண்டும் என்றுதான் கேட்டாயா? நான் குடிச்சிரு என்று சொல்லியிருந்தாலும் குடித்திருக்கமாட்டாயோ? இதற்கு நீதான் பதில் சொல்லவேண்டும், நீ இல்லை.

இதை எழுதும்போது வீட்டில் யாரும் இல்லை. மத்தியான வெயில் அடிக்கிறது. முழங்கால் வலிக்கிறது. இனிமேல் யார் பெயரையும் எனக்கு எதிரில் கூப்பிடமாட்டார்கள், வராதவனுக்காக நான் மூலையில் காத்திருக்கவும் வேண்டாம். உனக்காக மட்டும் காத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. ஐந்தாவது மோதல் ஒன்று நமக்குள் நடந்திருக்கவேண்டும். அதில் நான் தோற்றிருந்தால் இன்றைக்கு நீ உயிரோடு அருப்புக்கோட்டையில் எங்காவது ஒரு ஆபீஸில் உட்கார்ந்திருப்பாயோ என்னவோ. நான் நன்றாக அடி வாங்கிய ஒரு மனுஷனாக இருந்திருப்பேன்.

என் பங்கைப் பேசுவது இந்தக் கடிதத்தோடு சரி. இனி எந்த மேடையிலும் சொல்லமாட்டேன், பெருமையாகவும் சொல்லமாட்டேன், பாவமாகவும் சொல்லமாட்டேன். யாராவது அந்தக் கதையை எடுத்தால், ஜமாலுக்கு முந்நூறு கிராம் குறைந்தது, பக்கத்தில் குழாய் இருந்தது, அவன் குடிக்கவில்லை என்று சொல்வேன். நீ என்ன சொன்னாய் என்று என்னைக் கேட்பார்கள். நான் சும்மா பக்கத்தில் நின்றேன் என்பேன். உன் பிள்ளைகள் என்னிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். சத்தியம் மச்சான்.

நசீமாவுக்கு அண்ணன்,
உனக்கு என்றும் மாப்ள,
பெரியசாமி